வட்டிக் கணக்கைப் போன் போட்டுவிடுகிறது, பேரன் என்ன படிப்பான்?

கேள்வி: பள்ளத்தூரில் இருந்து எழுதுகிறேன். வயது 68. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள் காரைக்குடியில் வங்கியில் வேலை பார்க்கிறாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன் சாயங்காலம் அவள் வருகிற வரை என் பொறுப்பு. மெட்ரிக் பள்ளி. வீட்டுப்பாடம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதால் போனைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கணக்கைப் போட்டோ எடுக்கிறான், விடை வந்துவிடுகிறது, பார்த்து எழுதிவிடுகிறான். ‘எங்கள் வீடு’ என்று தமிழில் கட்டுரை கேட்டார்கள். ஏஐ எழுதிக் கொடுத்ததில் ஆத்தங்குடிக் கல் பதித்த வளவு, பர்மாத் தேக்குத் தூண் என்றெல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் சிமெண்டுத் தரை, கருங்கல் தூண். அதற்குப் பத்துக்கு ஒன்பது மார்க். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் விரலை மடக்குகிறான். என் அப்பச்சி பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் சின்னப் பையனாகச் சேர்ந்தவர்கள், வட்டியை மனசிலேயே போடுவார்கள். இப்போது ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து, டேப்லெட்டோடு மூன்று வருடப் பாடம், மாதத் தவணை என்கிறார். பள்ளியிலும் அடுத்த வருடம் டேப்லெட் வேண்டுமாம். மகன் ‘சிங்கப்பூர்ல எல்லாப் பிள்ளையும் அதுலதான் படிக்குது, வாங்குங்க ஆத்தா’ என்கிறான். நான் எட்டாவது வரைதான் படித்தவள். பயப்படுவது சரியா, இல்லை காலம் தெரியாமல் பேசுகிறேனா?

பதில் (கல்வி ஆலோசகர், காரைக்குடி):

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, வணக்கம்.

காலம் தெரியாமல் பேசவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் கவனிப்பு பல பெற்றோரிடம் எனக்குக் கிடைப்பதில்லை. கட்டுரையில் தூண் மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள், விரல் மடங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். மார்க் போட்டவர் இரண்டையும் பார்க்கவில்லை.

போன் எத்தனை மணி நேரம் அவன் கையில் இருக்கிறது என்று எண்ணுவதைவிட, அந்த நேரத்தில் யோசிக்கிற வேலையை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். அதைப் பார்க்க உங்கள் எட்டாவது வகுப்புப் படிப்பு தாராளமாகப் போதும்.

வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி வருகிறது. 8,000 ரூபாய், வருடத்துக்கு 10 சதவீதம், இரண்டு வருடம். போட்டோ எடுத்தால் 9,680 ரூபாய் என்று சூத்திரத்தோடு வரிவரியாக வந்துவிடும். அதில் வட்டி மட்டும் 1,680. இதே தொகைக்குத் தனிவட்டி என்றால் 1,600. அவன் எழுதி முடித்த பிறகு நோட்டை மூடச் சொல்லிவிட்டு, “அந்த எண்பது ரூபாய் எங்கேயிருந்துப்பா வந்துச்சு?” என்று கேளுங்கள். முதல் வருட வட்டி 800-ஐக் கையில் வாங்காமல் விட்டதால் அதுவும் அசலோடு சேர்ந்து, இரண்டாம் வருடம் அந்த 800-க்கும் வட்டி ஏறியது, அதுதான் 80 என்று சொல்லிவிட்டானா, அவனுக்குக் கணக்கு வந்துவிட்டது. விடையைப் போனில் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. “ஃபார்முலாவுல அப்படித்தான் வருது” என்றால், நோட்டில் எத்தனை டிக் விழுந்திருந்தாலும் வரவில்லை. வட்டிக்கு வட்டி என்றால் என்ன என்று உங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க உங்களைவிட யார் வேண்டும்? சூத்திரம் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. “எனக்குப் புரியிற மாதிரி சொல்லு” என்று அவனைப் பேச வையுங்கள், தினமும் ஒரே ஒரு கணக்குக்கு.

இதை ஒரு பெரிய சோதனையாகவே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 2024-ல் வெளியிட்டார்கள். கணிதப் பயிற்சி நேரத்தில் ஒரு பகுதி மாணவர்களுக்குக் கேட்டதைச் சொல்லிவிடும் சாதாரண ஏஐ. இன்னொரு பகுதிக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் யோசனையோடு அமைத்த ஏஐ. மீதிப் பேருக்குப் புத்தகமும் நோட்டும். பயிற்சியின்போது சாதாரண ஏஐ வைத்திருந்தவர்கள், புத்தகத்தோடு உட்கார்ந்தவர்களைவிட 48 சதவீதம் அதிகமாகச் செய்தார்கள். அப்புறம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். அதில் அதே பிள்ளைகள், ஏஐயைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். குறிப்பு மட்டும் வாங்கிப் படித்தவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. என்னை அதிகம் உறுத்துவது ஒன்று உண்டு: கீழே போன பிள்ளைகளுக்குத் தாங்கள் கீழே போனதே தெரியவில்லை. நன்றாகத்தான் படித்தோம் என்று நினைத்திருக்கிறார்கள். உங்கள் பேரனிடம் போய் “நீ ஏமாத்துறே” என்று சொன்னால் அவனுக்குக் கோபம்தான் வரும், ஏனென்றால் அவனும் உண்மையிலேயே படிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.

அதனால் ஏஐயை வீட்டை விட்டுத் துரத்த வேண்டாம். ஒரே ஒரு வழக்கத்தை மருமகளையும் சேர்த்துக்கொண்டு உண்டாக்குங்கள். முதலில் நோட்டில் அவனாக ஒரு முயற்சி. மாட்டிக்கொண்டால் அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, “விடை சொல்ல வேண்டாம், எந்தப் படியில் தவறு என்று மட்டும் காட்டு” என்று தமிழிலேயே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது அப்படியே செய்யும். காலிப் பக்கத்தோடு போனிடம் போகக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

இனி, ஏழெட்டுக்கு விரல் மடங்குகிற விஷயம். இதற்கு நீங்கள் போன் மேல் பழி போடுகிறீர்கள். நான் அவ்வளவு சீக்கிரம் போட மாட்டேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது உங்கள் பேரன் இரண்டாம் வகுப்பில் இருந்திருப்பான். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அவன் நான்காம் வகுப்பில் பாதியில் நிற்கிறான். வாய்ப்பாடு மனசில் உட்காருகிற, வகுத்தல் பழகுகிற, பின்னம் என்றால் என்ன என்று கையில் பிடித்துப் பார்க்கிற மூன்றாம் வகுப்பு முழுவதும் அவனுக்கு ஒரு சின்னத் திரையில் போய்விட்டது. பாடம் நடந்தது, பழக்கம் நடக்கவில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் என்னிடம் வரும்போது முதலில் இந்த ஓட்டையைத்தான் தேடுகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்று அழைத்து வருவார்கள். தோண்டிப் பார்த்தால் மாட்டிக்கொண்டிருப்பது நான்காம் வகுப்பில்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். சனிக்கிழமை காலையில், போன் இல்லாமல், திட்டு இல்லாமல், ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள். ஏழெட்டு (56). 1,000-த்தில் 637 போனால் (363). 504-ஐ ஏழு பேருக்குப் பிரித்தால் (72). 240-ல் முக்கால் பங்கு (180). அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் (ஆறில் ஐந்து). அப்புறம் 0.5 பெரிதா, 0.35 பெரிதா? கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். 35 என்பது 5-ஐவிடப் பெரிது என்பதால் 0.35-தான் பெரிது என்று நிறையப் பிள்ளைகள் எழுதுவார்கள். அப்படி எழுதினால் தசமம் அவனுக்குள் போகவே இல்லை என்று அர்த்தம். எட்டாம் வகுப்புச் சதவீதக் கணக்கு எப்படி நிற்கும்? எந்தக் கேள்வியில் தடுக்குகிறானோ அங்கேயிருந்து தொடங்க வேண்டும், அது நான்காம் வகுப்புப் புத்தகமாக இருந்தாலும் சரி.

கணினி உண்மையிலேயே நல்லது செய்த இடமும் இதுதான். டெல்லியில் பள்ளி முடிந்த பிறகு நடந்த மையங்களில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளை ஒரு மென்பொருளில் உட்கார வைத்தார்கள். அது ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகுப்பு நிலையில் நிற்கிறது என்று முதலில் சோதித்து, அங்கேயிருந்து கேள்வி கொடுத்தது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. 2019-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. அங்கே 90 நிமிடத்தில் பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதி, சின்னக் குழுவாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். விளம்பரம் செய்கிறவர்கள் அந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை.

உங்கள் அப்பச்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பேரேடும் ஐந்தொகையும் பழகி மேலே வந்தவர்களுக்கு மனக்கணக்கு தொழிலாகவே இருந்தது. மாகாணி, அரைக்கால் என்று பின்ன வாய்ப்பாடு முழுவதும் உருப்போட்டார்கள். அவ்வளவும் பேரனுக்கு வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு இலக்கப் பெருக்கலைக் கால்குலேட்டர் செய்யட்டும். ஆனால் பதினாறாம் வாய்ப்பாடு வரை, கால், அரை, முக்கால், பத்து சதவீதம் ஆகியவை யோசிக்காமல் வர வேண்டும். இல்லையென்றால் கால்குலேட்டரில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாக அழுத்தி 96,800 என்று வந்தாலும், எட்டாயிரம் ரூபாய் இரண்டு வருடத்தில் இப்படியெல்லாம் ஆகுமா என்ற சந்தேகமே அவனுக்கு வராது. சந்தேகப்படத் தெரியாத பிள்ளையிடம் எந்தக் கருவியும் ஆபத்துதான்.

கட்டுரை விஷயத்தில் உங்களைவிட எனக்கு வருத்தம் அதிகம். ‘எங்கள் வீடு’ என்று தலைப்பு கொடுப்பது, பிள்ளை தன் வீட்டை ஒரு தடவை நின்று பார்ப்பதற்காக. ஏஐ செய்தது என்ன? செட்டிநாட்டு வீடு என்றால் இணையத்தில் எல்லோரும் எழுதி வைத்திருப்பதை எடுத்துக் கொடுத்தது. அதற்கு ஒன்பது மார்க் விழுந்தபோது, தன் வீட்டைவிட அந்த வீடுதான் எழுதத் தகுந்தது என்று பேரன் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுத வையுங்கள், மார்க்குக்காக இல்லாமல். கருங்கல் தூண் எங்கிருந்து வந்தது, சிமெண்டு எப்போது போட்டது, இரண்டாங்கட்டில் யார் இருந்தார்கள், எந்த அறை எந்தப் பங்காளிக்கு என்று உங்களிடம் கேட்டு எழுதட்டும். போனில் உங்கள் பேச்சைப் பதிவு செய்துகொள்ளட்டும். திரும்பத் திரும்பக் கேட்டு அவனே எழுதட்டும். கையால் ஒரு பக்கம் எழுதி முடித்த பிறகு, சந்திப் பிழையும் எழுத்துப் பிழையும் பார்த்துச் சொல்ல ஏஐயிடம் கொடுக்கலாம். பதிவு செய்வதற்கும் பிழை பார்ப்பதற்கும் கருவி வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பார்க்கிற வேலையும் சொல் தேடுகிற வேலையும் அவனுடையதாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த கம்பெனிக்காரருக்குப் பதில் சுருக்கமானது: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த இடத்தில் தடை என்று தெரியாமல் மூன்று வருடப் பாடத்தை யாரும் விற்கக் கூடாது, யாரும் வாங்கவும் கூடாது. மாதத் தவணை என்று சொல்வது பல இடங்களில் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பேரில் எழுதப்படும் கடன். பாடத்தை நிறுத்தினாலும் கடன் நிற்காமல் போகலாம். மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் பற்றிப் பெற்றோரை எச்சரித்தது. கணக்கில் இருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதிக்காதீர்கள், விதிமுறையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஓடிபி எண்ணை வாசலில் நிற்கிறவரிடம் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் மருமகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். வங்கியில் இருப்பவர், தானியங்கிப் பற்றை நிறுத்தச் சொல்லத் தெரியும். நிறுவனம் தகராறு செய்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காசு கொடுக்காமலே இருப்பதை முதலில் பயன்படுத்துங்கள். அவன் பாடப்புத்தகத்தில் பாடத்தோடு சின்னக் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு இருக்கும். 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் இருந்து அச்சிடுகிறார்கள். போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி 2023-ல் வந்தது, அதிலும் பாடக் காணொளிகள் இருக்கின்றன. ஜியோஜீப்ரா என்று ஓர் இலவச வரைகருவி உண்டு. அதில் ஒரு முக்கோணம் போட்டு, அடிப்பக்கத்தை அசையாமல் வைத்துவிட்டு, மேல் முனையை அடிப்பக்கத்துக்கு இணையான கோட்டில் இழுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். முக்கோணம் சாய்ந்து, நீண்டு, பார்க்கவே ஒல்லியாகிவிடும், பரப்பளவு மட்டும் மாறாது. ‘பாதி, அடிப்பக்கம், உயரம்’ என்று மனப்பாடம் செய்தவன் அன்றைக்குத்தான் ஏன் என்று கேட்பான். சாக்பீஸால் இதைக் காட்ட முடியாது. இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் நான் தொழில்நுட்பத்தை விரும்புகிறேன்.

இன்னொன்று, காரைக்குடிப் பக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன். வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில் இருக்கிறது. தேசிய ஆய்வகங்கள் ஜிக்யாசா என்ற திட்டத்தில் பள்ளி மாணவர்களை உள்ளே அழைத்து விஞ்ஞானிகளோடு பேச வைக்கின்றன. மின்முலாம் பூசுவதைக் காணொளியில் பத்துத் தடவை பார்ப்பதைவிட ஒரு தடவை நேரில் பார்த்து, வாசனை பிடித்து, கேள்வி கேட்டுவிட்டு வருவது பெரிது. அழைத்துப் போக முடியுமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

சரி, மகனுக்கு என்ன சொல்வது? அவர் சொல்வது உண்மைதான், ஆனால் முழுவதும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கருவி உண்டு, தொடக்கப் பள்ளியில் அந்தத் திட்டம் கிடையாது. அந்தக் கருவியில் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தும் மென்பொருளைப் பள்ளியே போட்டுக் கொடுக்கிறது. பள்ளி நேரத்துக்கு அப்புறம் எவ்வளவு கட்டுப்பாடு என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். அதே நாடு 2026 ஜனவரியில் இருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் ஸ்மார்ட்போனைத் தடுத்துவிட்டது. கருவியைக் கொடுத்தவர்கள் காவலையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். நம் பள்ளி எதைக் கொடுக்கப் போகிறது என்று மகன் கேட்கட்டும். பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்துவிட்டு ஆய்வு செய்தபோது மொழியிலோ கணிதத்திலோ மதிப்பெண் உயரவில்லை. கருவி கைக்கு வந்தது, கற்பிக்கும் முறை மாறவில்லை.

அதனால் பள்ளி டேப்லெட் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கவும் வேண்டாம். பெற்றோர் கூட்டத்துக்கு மருமகளோடு நீங்களும் போங்கள். எந்தப் பாடத்தில், வாரத்தில் எத்தனை வகுப்புக்கு அதைப் பயன்படுத்துவீர்கள்? கட்டுப்பாட்டு மென்பொருள் உண்டா, யார் பார்ப்பார்கள்? நோட்டுத் திருத்துவது தொடருமா? வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற பள்ளி, யோசித்துத்தான் இறங்கியிருக்கிறது, நம்பலாம். “இப்ப எல்லா ஸ்கூல்லயும் வந்திருச்சு” என்பது மட்டும் பதிலாக வந்தால், ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள். 2022-ல் பல நாடுகளில் நடந்த பீசா என்ற சர்வதேசத் தேர்வின்போது, பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்திருக்கும் ஓஈசிடி அமைப்பின் 15 வயது மாணவர்களில் சராசரியாக 65 சதவீதம் பேர், சில கணித வகுப்புகளிலாவது கருவிகளால் கவனம் சிதறுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வசதியுள்ள பள்ளிகளிலேயே அந்த நிலை.

அதே கூட்டத்தில் வாட்ஸ்அப் வீட்டுப்பாடத்தையும் பேசுங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே பிள்ளை தன் டைரியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். குழுவில் போடுவது, வராத பிள்ளைக்கு உதவட்டும். இப்போது நடப்பதில், என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே போனைத் திறக்க வேண்டியிருக்கிறது, திறந்த பிறகு மூட முடியவில்லை. நீங்கள் ஒருவர் கேட்டால் நடக்காமல் போகலாம். குழுவில் இருக்கும் தாய்மார் நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் பள்ளிகள் கேட்கும். அதுவரைக்கும் மருமகள் மதியமே குழுவைப் பார்த்து, உங்களுக்குப் போன் செய்து சொல்லிவிடலாம். நீங்கள் ஒரு தாளில் எழுதி வைத்தால், முதல் முக்கால் மணி நேரம் போன் இல்லாமலே ஓடிவிடும்.

சனிக்கிழமைத் தாளில் பேரன் எழுதியதை அடித்தல் திருத்தலோடு அப்படியே எனக்கு அனுப்புங்கள். விடை சரியா தப்பா என்பதைவிட அவன் போட்ட வழி எனக்குத் தேவை. எந்தப் புத்தகத்தில், எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.